எண் முக்கியமா, இடம் முக்கியமா?
ஒரு டர்போ எஞ்சின் கற்றுத்தரும் பாடம்

இளம் நண்பர்களே! முதலில் ஒரு புதிர்.

1973-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் நடந்த மோட்டார் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘2002 டர்போ’ என்ற சிறிய காரைக் காட்சிக்கு வைத்தது. அதன் எஞ்சின் 170 குதிரைத் திறன் தந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1977-இல், அதே ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனம் தன் ‘99 டர்போ’ காரைக் காட்டியது. அதன் எஞ்சின் தந்தது 145 குதிரைத் திறன் மட்டுமே. இரண்டு எஞ்சின்களும் ஏறக்குறைய ஒரே அளவுடையவை. ஒன்றின் கொள்ளளவு 1990 கன சென்டிமீட்டர். மற்றொன்றின் கொள்ளளவு 1985 கன சென்டிமீட்டர்.

170 பெரிதா, 145 பெரிதா? இதில் என்ன சந்தேகம் என்பீர்கள். ஆனால், அன்றாடம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய் வருவதற்கான டர்போ கார் எப்படி இருக்கவேண்டும் என்று பிற்காலத்துக்கு வழிகாட்டியது 145 தந்த எஞ்சின்தான். சிறிய எண் பெரிய எண்ணை எப்படி வென்றது? இந்தக் கட்டுரை முடிவதற்குள் விடையை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு

கொல்லன் உலைக்களத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கரி நிறைய இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. ஆனாலும் துருத்தியை இயக்கிக் காற்றை ஊதினால்தான் இரும்பு பழுக்கக் காய்கிறது. எரிவதற்குக் கரி மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினிலும் இதே கதைதான். ஒரு கிலோ கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ கிராம் காற்று தேவை. பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. காற்றைக் கூடுதலாகச் செலுத்துவதுதான் கடினம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே இரண்டு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும்போது, அதிகம் போனால் 3000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும். அதற்குமேல் திறன் வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. எஞ்சினைப் பெரிதாக்கலாம், வேகமாகச் சுழலவிடலாம், அல்லது அதே இடத்துக்குள் அதிகக் காற்றை அடைத்துத் திணிக்கலாம்.

மூன்றாவது வழிக்கு ஒரு துருத்தி வேண்டும். அந்தத் துருத்தியை எது இயக்குவது? சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கு ஓர் அழகிய வழி கண்டு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. வீணாகும் அந்தப் புகையைக் கொண்டே துருத்தியை இயக்கினால் என்ன என்பதுதான் அவருடைய எண்ணம்.

டர்போசார்ஜர் என்பது இதுதான். ஒரே அச்சின் இரு முனைகளில் இரண்டு சிறிய சக்கரங்கள். ஒரு முனையில் உள்ள டர்பைன் சக்கரத்தைப் புகைவாயு சுழற்றுகிறது. மறு முனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கிச் சிலிண்டர்களுக்கு அனுப்புகிறது. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக் கூடியவை. அச்சு உலோகத்தின் மேல் உராய்ந்து சுற்றுவதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுற்றுகிறது.

திறன் வேறு, முறுக்கு விசை வேறு

நம் புதிருக்கு வருவதற்கு முன் இரண்டு சொற்களைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வோம்.

இறுகிப்போன நட்டு ஒன்றை ஸ்பானரால் திருப்புகிறீர்கள். கை கொடுக்கும் விசை, ஸ்பானரின் நீளம் இரண்டின் பெருக்கற்பலனே முறுக்கு விசை. எஞ்சினின் சுழல் தண்டும் இப்படித்தான் சக்கரங்களை முறுக்குகிறது. எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பது முறுக்கு விசை. அப்படி முறுக்கிக்கொண்டே எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது திறன். சூத்திரம் இதோ:

திறன் (கிலோவாட்) = முறுக்கு விசை (நியூட்டன் மீட்டர்) × நிமிடச் சுற்றுகள் ÷ 9549

ஒரு குதிரைத் திறன் 0.7355 கிலோவாட். இப்போது நம் இரண்டு கார்களின் விவரங்களையும் பாருங்கள்.

சாப் 99 டர்போ: உச்ச முறுக்கு விசை 235 நியூட்டன் மீட்டர், 3000 சுற்றில், உச்சத் திறன் 145 குதிரைத் திறன், 5000 சுற்றில்.

பி.எம்.டபிள்யூ 2002 டர்போ: உச்ச முறுக்கு விசை 240 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில்; உச்சத் திறன் 170 குதிரைத் திறன், 5800 சுற்றில்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு எஞ்சின்களின் உச்ச முறுக்கு விசையும் ஏறக்குறைய ஒன்றே. 235-க்கும் 240-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடெல்லாம் அது கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. ஒன்றில் 3000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. மற்றொன்றில் 4000 சுற்று வரை காத்திருக்கவேண்டும்.

சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்போம். சாப் எஞ்சின் 3000 சுற்றில் தரும் திறன் 235 × 3000 ÷ 9549 = 73.8 கிலோவாட். அதாவது சுமார் 100 குதிரைத் திறன். சரி, 5000 சுற்றில் அதன் முறுக்கு விசை என்ன? சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் சுமார் 204 நியூட்டன் மீட்டர் என்று வரும். ஆகவே 3000 சுற்றிலிருந்து 5000 சுற்று வரை போகும்போது முறுக்கு விசை 235-இலிருந்து 204-ஆக மெதுவாக இறங்குகிறது. திறனோ 100-இலிருந்து 145-ஆக ஏறிக்கொண்டே போகிறது. எஞ்சின் நன்றாக இழுக்கும் இந்தச் சுற்றுவேகப் பகுதியைத்தான் ‘திறன் வீச்சு’ என்கிறோம்.

வீச்சு எங்கே இருக்கவேண்டும்?

இது வெறும் கணக்கல்ல. சாலையில் உயிருக்கே வேண்டியதாக இருக்கிறது.

இருவழிச் சாலை ஒன்றில் மணிக்கு 80 அல்லது 90 கிலோமீட்டர் வேகத்தில், மேல் கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காலத்து நான்கு கியர் கார்களில் அந்த வேகத்தில் எஞ்சின் சுமார் 3000 சுற்றில்தான் ஓடும். முன்னால் ஒரு நீண்ட லாரி. எதிரே சிறிது தூரம் வரை சாலை காலியாக இருக்கிறது. முந்திச் செல்ல ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். அந்தக் கணத்தில் உங்களுக்கு 5800 சுற்றில் கிடைக்கும் 170 குதிரைத் திறனால் பயனில்லை. 3000 சுற்றில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. கியரைக் கீழே மாற்றினால் சுற்று ஏறும். அதற்கும் நேரம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திறன் சிறிது சிறிதாக வந்தால் ஓட்டுநர் சமாளிக்கலாம். நான்காயிரம் சுற்றை நெருங்கும் வரை அடக்கமாக இருந்துவிட்டு, அதன் பின் ஒரே மூச்சில் பொங்கி வந்தால்? ஈரச் சாலையின் வளைவில் பின்சக்கரங்கள் வழுக்கிவிடும். 2002 டர்போ இப்படித் திடீரென்று பொங்குவதற்குப் பெயர் பெற்றது. பந்தயப் பாதையிலிருந்து வந்த கார் அது, பி.எம்.டபிள்யூ 1969-இலேயே டர்போ பொருத்திய 2002 காரைப் பந்தயத்தில் ஓட்டியிருந்தது. பந்தய ஓட்டுநர் எஞ்சினை எப்போதும் உயர்ந்த சுற்றிலேயே வைத்திருப்பார். ஆகவே அவருக்கு அந்த வீச்சு பொருத்தமானதே. சாலையில் போகும் நமக்கு அது பொருந்தாது.

சிறிய சக்கரத்தின் பெருமை

சாப் நிறுவனத்திடம் அப்போது சொந்தமாகப் பெரிய எஞ்சின் எதுவும் இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்கப் பெருஞ்செலவாகும். இருக்கும் இரண்டு லிட்டர் எஞ்சினையே பெரிய எஞ்சின் போல இழுக்கவைக்க வேண்டும். 1969-இல் லாரி செய்யும் ஸ்கேனியா-வாபிஸ் நிறுவனத்துடன் சாப் இணைந்திருந்தது. லாரி எஞ்சின்களில் டர்போ பொருத்திய அனுபவம் ஸ்கேனியாவுக்கு உண்டு. லாரிக்குத் தேவை உச்ச வேகமல்ல, தாழ்ந்த சுற்றில் இழுக்கும் வலிமை. பேர் யில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் காருக்கும் அதுவே தேவை என்று முடிவு செய்தார்கள். உச்சத்தில் சிறிது இழந்தாலும் பரவாயில்லை, நடுவில் நிறையக் கிடைக்கட்டும் என்பது அவர்கள் கொள்கை.

அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு சிறிய டர்போ. ஏன் சிறியது?

தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடிப் பாருங்கள். நீர் குறைவாகத் திறந்திருந்தாலும் பீய்ச்சி அடிக்கும். அதுபோல, டர்பைனின் வழி குறுகலாக இருந்தால் தாழ்ந்த சுற்றில் வரும் கொஞ்சப் புகையே வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றிவிடும். வழி அகலமாக இருந்தால் அதற்கு நிறையப் புகை வேண்டும். அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றவேண்டும்.

இரண்டாவது காரணம் நிலைமம். எந்தப் பொருளும் தன் நிலையை மாற்ற எளிதில் இணங்குவதில்லை அல்லவா? மிதித்தவுடன் டர்போ சக்கரம் வேகம் பிடிக்கச் சற்று நேரம் ஆகும். இந்தத் தாமதம் டர்போக்களின் பிறவிக் குறை. ஒரே வடிவமுள்ள சக்கரங்களில் நிறை ஆரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. சுழற்சிக்கான நிலைமத் திருப்புத்திறனோ ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் என்ன ஆகும்? 0.9-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்: 0.59. பத்து சதவீதம் சிறிய சக்கரத்தைச் சுழற்றுவது நாற்பது சதவீதம் எளிது!

ஆனால் சிறிய டர்போவுக்கு ஓர் ஆபத்து உண்டு. எஞ்சின் சுற்று ஏறும்போது புகையும் பெருகும். குறுகிய வழியில் அத்தனையும் பாய்ந்தால் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழலும். காற்றழுத்தமும் எல்லை மீறும். எனவே டர்பைனுக்கு முன்னால் ஒரு வடிகால் வைத்தார்கள். இதன் பெயர் வேஸ்ட்கேட். வில்சுருள் ஒன்று இதை மூடி வைத்திருக்கும். அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் வில்சுருள் பின்வாங்கும்; வால்வு திறக்கும்; மிகுதிப் புகை டர்பைனைத் தொடாமலே வெளியேறிவிடும். ஏரி நிரம்பியதும் கலிங்கு வழியே நீர் வழிந்து ஓடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப் எஞ்சினில் இந்தக் கலிங்கின் மட்டம் ஏறக்குறைய 0.7 பார். அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னும் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. மிதமான அளவுதான்.

காற்று சூடானால் வரும் கேடு

மிதமாக ஏன் நிறுத்தவேண்டும்? இன்னும் அடைத்தால் என்ன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுடும். காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடாகும். எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட ஒரு விதி உண்டு. அழுத்தம் எத்தனை மடங்கானதோ அந்த எண்ணை 0.286 என்ற அடுக்குக்கு உயர்த்தினால், கெல்வின் வெப்பநிலை எத்தனை மடங்காகும் என்று தெரியும். வெளிக்காற்று 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்று கொள்வோம். அழுத்தம் 1 பாரிலிருந்து 1.7 பார் ஆகிறது. 1.7-இன் 0.286-ஆம் அடுக்கு 1.16. ஆகவே வெப்பநிலை 349 கெல்வின். 49 டிகிரி உயர்வு. இது குறையே இல்லாத கம்ப்ரஸருக்கு. நம் கம்ப்ரஸரின் செயல்திறன் 70 சதவீதம் என்று கொண்டால் உயர்வு 70 டிகிரி ஆகிவிடும். காற்று 97 டிகிரி செல்சியஸில் எஞ்சினுக்குள் நுழைகிறது. ஏறக்குறைய கொதிநீரின் சூடு!

சூடான காற்று விரிந்திருக்கும். எனவே சிலிண்டருக்குள் போகும் காற்றின் நிறை 1.7 மடங்காகாது. 1.7 × 300 ÷ 370 = 1.38 மடங்குதான். டர்போ இல்லாமல் பெட்ரோல் பீய்ச்சும் முறையில் இயங்கிய சாப் எஞ்சினின் திறன் 118 குதிரைத் திறன். டர்போ அதை 145 ஆக்கியது. உச்சத்தில் கிடைத்த ஆதாயம் நான்கில் ஒரு பங்கும் இல்லை. பெரிய ஆதாயம் நடுவில்தான்.

சூட்டினால் இன்னொரு பெரிய கேடு உண்டு. அதுதான் எஞ்சின் தட்டுதல். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பார்கள். சரியாக இயங்கும் சிலிண்டரில் தீப்பொறி பற்றியதும் சுடர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சீராகப் பரவும். ஆனால் உள்ளே அழுத்தமும் வெப்பமும் மிகுந்துவிட்டால், சுடர் வந்து சேருவதற்கு முன்பே கடைசி மூலையில் உள்ள கலவை தானாகவே வெடித்துவிடும். உலோகத்தைச் சிறு சுத்தியலால் தட்டுவது போல் ஓசை எழும். அப்போது எழும் அழுத்த அலைகள் பிஸ்டனின் மேற்பரப்பைக் காத்து நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகின்றன. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். எரியும் வாயுவோ 2000 டிகிரிக்கும் மேல். பிறகு கேட்கவேண்டுமா? பிஸ்டனின் விளிம்பு கரையும், வளையங்கள் உடையும், சில நேரம் நடுவில் துளையே விழுந்துவிடும்.

சுருதி கூட்டுதல்

ஆகவே டர்போ எஞ்சினைச் சீரமைப்பது வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்றது. ஒரு தந்தியை முறுக்கினால் மற்றவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நான்கு தந்திகள் உண்டு.

முதலாவது அழுத்தம். இதைப் பார்த்துவிட்டோம்.

இரண்டாவது அமுக்க விகிதம். பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது இது. டர்போ ஏற்கெனவே காற்றை நெருக்கித் தருவதால் பிஸ்டன் நெருக்குவதைக் குறைத்தாக வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின்களில் சுமார் 9 ஆக இருந்த விகிதத்தைச் சாப் 7.2 ஆக்கியது, பி.எம்.டபிள்யூ 6.9 ஆக்கியது. இதற்கு ஒரு விலை உண்டு. அமுக்க விகிதம் குறைந்தால் எரிபொருளின் ஆற்றல் வேலையாக மாறும் விகிதமும் குறையும். கொள்கை அளவில் 9-க்கு 58 சதவீதம், 7.2-க்கு 55 சதவீதம். நடைமுறையில் இரண்டுமே இன்னும் குறைவு. டர்போ உறங்கும் தாழ்ந்த சுற்றில் இந்த எஞ்சின் சற்றே சோம்பலாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது தீப்பொறி விழும் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழும். அழுத்தம் கூடும்போது அதைச் சிறிது தாமதிக்கவேண்டும். அதிகம் தாமதித்தால் திறன் குறையும். புகையும் அளவுக்கு மீறிச் சூடாகி டர்பைனை வாட்டும்.

நான்காவது கலவை. முழு அழுத்தத்தின்போது தேவைக்குச் சற்று மிகுதியாகவே பெட்ரோல் தரவேண்டும். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கும். பெட்ரோல் குறைந்தால் தட்டுதல் உடனே தலைகாட்டும்.

திருகைத் திருகினால்?

இப்போது ஒருவர் வருகிறார். பழைய டர்போ கார் வைத்திருக்கிறார். வேஸ்ட்கேட்டின் வில்சுருளை இறுக்கிவிட்டால் அழுத்தம் கூடுமே, செலவில்லாமல் திறன் கிடைக்குமே என்கிறார். 0.7 பாரை 1.0 பார் ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன கிடைக்கும்?

அதே விதிப்படி கணக்கிடுங்கள். அழுத்தம் 2 மடங்கு. வெப்பநிலை குறையில்லாத நிலையில் 366 கெல்வின். 70 சதவீதச் செயல்திறனில் 394 கெல்வின், அதாவது 121 டிகிரி செல்சியஸ். காற்றின் நிறை 2 × 300 ÷ 394 = 1.52 மடங்கு. முன்பு 1.38, இப்போது 1.52. அழுத்தத்தை 18 சதவீதம் உயர்த்தியவருக்குக் கிடைத்த கூடுதல் காற்று 10 சதவீதமே. கூடவே வந்தது 24 டிகிரி கூடுதல் சூடு. சிறிய டர்போவை அதன் எல்லைக்கு அப்பால் தள்ளினால் கம்ப்ரஸரின் செயல்திறனும் இறங்கும். அப்போது இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். தட்டுதல் தொடங்கும். தட்டுவதைத் தடுக்கப் பொறியைத் தாமதித்தால், கிடைத்த திறனிலும் ஒரு பங்கு போய்விடும். லாபம் சிறியது, பணயமாக வைத்ததோ பிஸ்டனை!

கேட்டு நடக்கும் எஞ்சின்

அப்படியானால் வேறு வழியே இல்லையா? உண்டு. இரண்டு வழிகள் வந்தன.

முதல் வழி காது. 1982-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் சாப் ஒரு மின்னணு அமைப்பைப் பொருத்தியது. ஏ.பி.சி. என்பது அதன் பெயர். எஞ்சின் உடலில் ஓர் உணர்கருவி இருக்கும். அதிலுள்ள படிகம், அதிர்வைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும். தட்டுதலின் அதிர்வு கேட்டவுடன், அமைப்பு ஒரு மின்காந்த வால்வின் வழியே வேஸ்ட்கேட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். தட்டுதல் நின்றதும் மீண்டும் ஏற்றும். ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோலைப் போட்டாலும் எஞ்சின் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். ஆபத்தை உடனுக்குடன் அறியும் காது வந்ததால் பயந்து பயந்து ஒதுங்கி நிற்கவேண்டியதில்லை. அமுக்க விகிதத்தை 7.2-இலிருந்து 8.5-க்கு உயர்த்தினார்கள். டர்போ உறங்கும் நேரத்திலும் எஞ்சின் சுறுசுறுப்பாயிற்று, பெட்ரோலும் மிச்சமாயிற்று.

இரண்டாவது வழி குளிர்ச்சி. அமுக்கிச் சூடான காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் ஒரு ரேடியேட்டரின் வழியே செலுத்திக் குளிர்விப்பது. இதுவே இன்டர்கூலர். 1984-ஆம் ஆண்டு மாதிரியான சாப் 900 டர்போ 16 காரில், பதினாறு வால்வுகளுடன் இதுவும் சேர்ந்தது. திறன் 175 ஆயிற்று. இதன் மகிமையைக் கணக்கில் பாருங்கள். அழுத்தம் அதே 0.7 பார். 97 டிகிரிக் காற்றை 60 டிகிரிக்கு, அதாவது 333 கெல்வினுக்குக் குளிர்விக்கிறோம். குழாய்களில் ஏற்படும் சிறு அழுத்த இழப்பை விட்டுவிடுவோம். நிறை 1.7 × 300 ÷ 333 = 1.53 மடங்கு. திருகை இறுக்கி 1.0 பார் ஆக்கியவருக்குக் கிடைத்தது எவ்வளவு? 1.52! ஒருவர் 121 டிகிரிச் சூட்டோடு பெற்ற அதே காற்றை இன்னொருவர் 60 டிகிரியில் பெற்றுவிட்டார். முரட்டுத்தனத்தால் பெற முயன்றதை அறிவு அமைதியாகப் பெற்றுத் தந்தது.

புதிருக்கு விடை

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். 170 குதிரைத் திறன் தந்த 2002 டர்போ மொத்தம் 1672 கார்களோடு நின்றுவிட்டது. அதன்மேல் முழுப் பழியையும் போடக்கூடாது. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய் நெருக்கடியும் அதற்குப் பெரிய காரணம். அது திறமான எஞ்சின்தான். ஆனால் அதன் திறன், சாலையில் போகிறவர் நிற்கும் இடத்தில் இல்லை. சாப் எஞ்சினின் திறன், ஓட்டுநர் எங்கே கேட்பாரோ அங்கே காத்திருந்தது.

சாப் கார் நிறுவனம் 2011-ஆம் ஆண்டின் இறுதியில் திவாலாகிவிட்டது. அதன் பாடம் மட்டும் வாழ்கிறது. இன்று விற்கும் சிறிய டர்போ கார்களின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் உச்ச முறுக்கு விசை ஒரே சுற்றில் இல்லாமல், தாழ்ந்த சுற்றிலிருந்தே தொடங்கி நெடுந்தூரம் சமவெளி போல நீண்டிருக்கும். சிறிய டர்போ, வேஸ்ட்கேட், தட்டுதலைக் கேட்கும் காது, இன்டர்கூலர் ஆகிய நான்கும் அவற்றில் பெரும்பாலானவற்றில் இருக்கும்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது ஓர் எஞ்சினைப் பற்றி “எத்தனை குதிரைத் திறன்?” என்று மட்டும் கேட்டால், “எந்தச் சுற்றில்?” என்று திருப்பிக் கேளுங்கள். பாதி உண்மை அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. பி.எம்.டபிள்யூ 2002 டர்போ எஞ்சின் 4000 சுற்றில் எத்தனை குதிரைத் திறன் தருகிறது? 5800 சுற்றில் அதன் முறுக்கு விசை என்ன?

2. டர்போ சக்கரத்தின் விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், அதன் நிலைமத் திருப்புத்திறன் எத்தனை பங்காகும்?

3. வெளிக்காற்று 27 டிகிரிக்குப் பதிலாக 7 டிகிரியாக இருக்கும் குளிர்நாளில், 0.7 பார் அழுத்தத்தில் கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றின் வெப்பநிலை என்ன? டர்போ கார்கள் குளிர்காலக் காலையில் நன்றாக இழுப்பதேன்?

விடைகள்: 1. சுமார் 137 குதிரைத் திறன். சுமார் 206 நியூட்டன் மீட்டர். 2. சுமார் மூன்றில் ஒரு பங்கு. 3. சுமார் 72 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, ஆகவே அதே இடத்தில் அதிக நிறை அடங்கும். தட்டும் அபாயமும் குறையும்.